தவளத்தோடு வந்த கலப்பை: கிழக்கிலிருந்து ஊவாவுக்கு ஏறிய முஸ்லிம் வெள்ளாமைக்காரர்

"மாமா, நம்மட ஆக்கள் மடுல்சீமைக்குக் கடை போடத்தானே வந்தாங்க?"

ஊர் வரலாறு எழுதிக்கொண்டு வரும்படி பாடசாலையில் கொடுத்த ஒப்படையோடு வந்த ஒரு மாணவன் என்னிடம் இப்படிக் கேட்டான். நானும் யோசிக்காமல் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். என் வாப்பா கடைக்காரர். வாப்பாவுடைய வாப்பாவும் கடைக்காரர். தோட்டத்து மக்கள் சம்பள நாளில் வந்து கணக்குத் தீர்க்கும் கொப்பிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். வேறென்ன பதில் சொல்ல?

அன்றிரவு மூத்தவாப்பாவின் ஒரு பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. ஐப்பசியில் மழை பிடித்தால் அவர் தராசுக்குப் பக்கத்தில் இருந்தபடியே கடை வாசலைப் பார்த்து, "கீழ வெதச்சிருப்பாங்க" என்பார். மாசி பிறந்தால், "கீழ வெட்டத் தொடங்கியிருப்பாங்க" என்பார். அவருக்குத் தன் ஆயுளில் ஒரு துண்டு வயலும் இருந்ததில்லை. தோட்டத்துத் தேயிலைக்கு ஐப்பசியும் மாசியும் அப்படியொரு கணக்கல்ல. அது நெல்லின் கணக்கு, மாரிப் போகத்தின் கணக்கு. வயலில்லாத ஒரு மனிதனின் வாயில் அந்தக் கணக்கு எப்படி வந்தது? யாரிடமிருந்து வந்தது?

இந்தக் கட்டுரை, நான் அந்தப் பையனுக்குச் சொன்ன "ஓம்" என்ற பதிலைத் திருத்துவதற்கான முயற்சி.

மலையின் மறுபக்கம்

இன்றைக்கு மடுல்சீமை என்றால் பதுளையிலிருந்து பசறை வழியாக வரும் பாதையின் கடைசி என்றுதான் நினைக்கிறோம். பஸ் அங்கே திரும்பிவிடுகிறது. ஆனால் பித்தமாருவைப் பக்கம் போய்ப் பாறை விளிம்பில் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு வேறொரு கணக்கு விளங்கும். மலை அந்த இடத்தில் சடாரென்று கீழே இறங்கிவிடுகிறது. அதற்கப்பால் பிந்தன்னையும் வெல்லஸ்ஸவும் பரந்து கிடக்கின்றன. அவற்றையும் தாண்டினால் மட்டக்களப்புக் கரை. பதுளையிலிருந்து வருபவனுக்கு மடுல்சீமை பாதையின் முடிவு. கடலிலிருந்து வருபவனுக்கு அது மலையின் முதல் சுவர்.

நீரின் போக்கும் இதையே சொல்கிறது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல்லோயா சமவெளியில் இறங்கி, பட்டிப்பளை ஆறு என்ற பெயரில் சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளுக்கு நீர் கொடுத்துவிட்டு, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போனது. மனிதர்கள் அதற்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே ஏறி வந்தார்கள்.

கிழக்கில் முஸ்லிம் குடியிருப்புகள் பழையவை. அவை பெருகிய காலம் ஒன்றை நாம் எல்லோரும் அறிவோம். 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களை ஏற்று, 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று கேறோஸ் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். இந்தச் செய்தியை நாம் மன்னனின் பெருந்தன்மைக்கு உதாரணமாகவே எப்போதும் எடுத்துக் காட்டுகிறோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்குக் கரையில் கப்பலையும் ஏலத்தையும் பாக்கையும் பார்த்துக்கொண்டிருந்த மக்கள், கிழக்குக்கு வந்தபின் நெல்லைப் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே பெரிய துறைமுக வியாபாரத்தை விட வயலே சோறு போட்டது. ஓரிரு தலைமுறைக்குள் வியாபாரியின் பேரன் வெள்ளாமைக்காரன் ஆகிவிட்டான். ஊவாவுக்கு ஏறி வந்தவன் இந்தப் பேரன்தான்.

மாடும் வயலும்

அவன் எதன் பின்னால் ஏறி வந்தான் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது தவளம். பொதி மாடுகளின் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். வண்டிப்பாதை இல்லாத காலத்தில் உப்பு, கருவாடு, புடவை ஆகியவற்றை மாட்டின் இருபுறமும் பொதியாகக் கட்டிக்கொண்டு காட்டுப்பாதையால் ஏறுவார்கள். இறங்கும்போது பாக்கு, குரக்கன், நெல், தேன், மெழுகு, மான்தோல் போன்றவை வரும். மலைநாட்டில் உப்பு விளையாது. உப்பில்லாமல் வாழவும் முடியாது. ஆகவே தவளக்காரன் எந்த ஊரிலும் வேண்டப்பட்ட மனிதன்.

கண்டி அரசில் இது வெறும் தனியார் வியாபாரமாக இருக்கவில்லை. பொதி சுமக்கும் சேவைக்கு மடிகே என்ற தனிப் பகுதியே இருந்தது. அதில் முஸ்லிம்களும் கரையோரச் சிங்களவரான கராவ மக்களும் சேவை செய்தனர். அரசனின் களஞ்சியத்துக்கு நெல்லும் உப்பும் சுமப்பது அவர்களது இராஜகாரியம். அந்த ஆட்சிமுறையில் சேவைக்குச் சம்பளம் பணமாகக் கிடைப்பதில்லை. சேவைக்குக் கிடைத்தது நிலம். மன்னனுக்காக மாடு ஓட்டியவன் மன்னன் கொடுத்த காணியை உழுது சாப்பிட்டான்.

இந்த இடத்தில்தான் நம்முடைய ஊர் வரலாறுகள் பிசகிவிடுகின்றன. தவளக்காரன் என்றதும் வியாபாரி என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். ஒரு வருடத்துக்கு எத்தனை மாதம் தவளம் போகும் என்று யாரும் கேட்பதில்லை. வாடைக்காற்று மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை கொட்டும். ஆறுகள் பெருகிக் கிடக்கும் அந்தக் காலத்தில் பொதி மாட்டை ஓட்டிக்கொண்டு வெல்லஸ்ஸக் காட்டைக் கடக்க முடியாது. அது வயலில் நிற்க வேண்டிய காலம். உழவு, விதைப்பு, காவல், வெட்டு, சூடு மிதிப்பு எல்லாம் முடிந்து நெல் களவெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்தபின்தான் பாதை காயும். பாதை காய்ந்தால்தான் தவளம். அதே மனிதன், அதே மாடு. மாரியில் ஏர் இழுத்த மாடு கோடையில் பொதி சுமந்தது. கலப்பையும் பொதியும் ஒரே குடும்பத்தின் இரண்டு போகங்கள்.

அவனை எழுதி வைத்தவர்கள் அவனைப் பாதையில் கண்டார்கள். சுங்கம் கேட்ட அதிகாரியும், பயணம் போன வெள்ளைக்காரனும், படையோடு வந்த தளபதியும் அவனைச் சந்தித்த இடம் பாதை. வயலில் அவனைப் பார்த்தது பக்கத்து வயல்காரன் மட்டும்தான். பக்கத்து வயல்காரன் புத்தகம் எழுதவில்லை.

வெல்லஸ்ஸ என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள் சொல்வார்கள். குளமும் வாய்க்காலுமாகக் கிடந்த அந்த நெல் நாட்டுக்குள் வருடா வருடம் வந்துபோன ஒரு வெள்ளாமைக்காரன், உப்பை மட்டுமா பார்த்திருப்பான்? வயலையும் பார்த்தான். தங்கினான். இன்றைக்கும் மொனராகலை மாவட்டத்துப் பக்கினிகஹவெலைப் பக்கத்திலும், மேலே வெலிமடைக்கருகே குருத்தலாவையிலும் முஸ்லிம்கள் மண்ணைக் கொத்திப் பயிர் செய்கிறார்கள். குருத்தலாவையின் உருளைக்கிழங்கையும் மரக்கறியையும் அறியாத சந்தை ஊவாவில் இல்லை. இவர்களைக் "கடை போட வந்தவர்கள்" என்ற வரிக்குள் எப்படி அடக்குவது?

உம்மா வீட்டை விட்டு வந்தவள்

ஆண் மேற்கே வருவது எளிது. கோடையில் வந்து மாரிக்குத் திரும்பிவிடலாம். குடும்பத்தோடு வருவது வேறு காரியம். கிழக்கின் வழமையை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

மட்டக்களப்புப் பகுதி முஸ்லிம்களிடம் குடி வழி உம்மா பக்கத்தால் வருகிறது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும், வசதியிருந்தால் வயலும், மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. ஆகவே வெள்ளாமைக்காரன் ஒருவன் "பெண்சாதி பிள்ளைகளோடு மேற்கே போகிறேன்" என்று முடிவெடுத்தால், பெண்சாதி தன் பெயரிலுள்ள வீட்டையும், அடுத்த வளவில் இருக்கும் சகோதரிகளையும், பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக நிற்கும் உம்மாவையும் விட்டுவிட்டு வர வேண்டும். இழப்பின் பெரும்பங்கு அவளுடையது. ஊர் வரலாறுகளில் நாம் "இன்னார் வந்து குடியேறினார்" என்று ஆணின் பெயரைப் போடுகிறோம். வீட்டை இழந்து வந்தவளின் பெயர் எந்தப் பள்ளிவாசல் மலரிலும் கிடையாது.

பலர் அப்படி அழைத்து வரவில்லை. வந்த இடத்திலேயே சிங்களப் பெண்களை இஸ்லாத்தில் சேர்த்து மணம் முடித்தார்கள். கண்டி நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கள வீட்டுப் பெயர், அதாவது "கெதர" பெயர், இருப்பது இதனால்தான். ஒருவனுக்கு வீட்டுப் பெயர் எப்போது வரும்? வீடும் வளவும் காணியும் இருந்தால் வரும். பொதியைக் கட்டிக்கொண்டு வந்துபோகிறவனுக்குக் கெதரப் பெயர் தேவையில்லை. அந்தப் பெயர்களே ஒருவகைக் காணி உறுதிதான்.

வியாபாரி வெள்ளாமைக்காரனாவது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். மதீனாவின் அன்ஸார்கள் பேரீச்சந் தோட்டக்காரர்கள். தோட்டங்களைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க அன்ஸார்கள் முன்வந்தபோது நபி (ஸல்) அவர்கள் பிரிவினையை விரும்பவில்லை. தோட்டத்தில் உழைப்பைப் பகிர்ந்து விளைச்சலில் பங்கெடுப்பது என்று முடிவானது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. வந்தவன் கையில் மண் பட்டபின்தான் அவன் அந்த ஊரான் ஆனான்.

ஹாஜி மரிக்காரின் முடிவு

வெல்லஸ்ஸவில் வேர் பிடித்த இந்தச் சமூகத்திலிருந்து வரலாற்று நூல்களுக்குள் நுழைந்த பெயர் ஒன்றுண்டு. ஹாஜி மரிக்கார் முகாந்திரம். அவரைப் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். ஏன் தயங்குகிறோம் என்பதும் விளங்கிக்கொள்ளக் கூடியதே.

1815 இல் கண்டி அரசு பிரித்தானியர் கைக்குப் போனது. ஊவாவின் நிர்வாகம் பதுளையில் இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் அதுவரை மில்லவ திசாவையின் அதிகாரத்துக்குக் கீழே இருந்தவர்கள். அந்த அதிகாரத்திலிருந்து அவர்களைப் பிரித்து, அவர்களுக்கென்று ஹாஜி மரிக்காரை முகாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்தனர். திசாவைக்கு இது அதிகார இழப்பு மட்டுமல்ல, பெரிய மானப் பிரச்சினையும்கூட. மடிகே மக்களின் சேவையும் அதனால் வரும் வருமானமும் அவர் கையை விட்டுப் போயின. 1817-1818 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்கான காரணங்களைச் சொல்லும் எல்லா நூல்களிலும் இந்த நியமனம் ஒரு வரியாவது இடம்பிடித்திருக்கும்.

1817 இல், நாயக்கர் வம்சத்து உறவினன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வெல்லஸ்ஸக் காட்டில் தோன்றினான். உண்மையில் அவன் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. விஷயத்தை அறியவும் அவனைப் பிடிக்கவும் ஹாஜி மரிக்கார் அனுப்பப்பட்டார். கிளர்ச்சிக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். அவரைத் தொடர்ந்து புறப்பட்ட வில்சனும் அம்புபட்டு மாண்டார். கலகத்தை அடக்க ஊவாவின் திசாவையாக அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலவே கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டதும், 1818 நவம்பர் 26 ஆம் திகதி அவர் கண்டியில் தலை வெட்டப்பட்டதும் யாவரும் அறிந்த வரலாறு.

ஹாஜி மரிக்காரைச் சிலர் துரோகி என்கிறார்கள். நம்மில் சிலர் அவரைத் தியாகியாக்கப் பார்க்கிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. தன் மக்களுக்குத் தனித் தலைமை கிடைக்கிறது என்று அவர் நம்பியிருக்கலாம். அந்தத் தனித் தலைமை, பக்கத்து வயல்காரனிடமிருந்து தன் மக்களைப் பிரிக்கும் கத்தியாகவும் இருந்தது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு இரண்டு வெவ்வேறு எசமான்கள் இருந்தால், தண்ணீர்ச் சண்டை அரசியல் சண்டையாகத்தான் முடியும். கிளர்ச்சியின் நடுவில், 1818 இல், கண்டி நாட்டு முஸ்லிம்கள் எல்லோரையுமே சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து விலக்கித் தங்கள் முகவர்களின் நேரடி அதிகாரத்துக்குள் பிரித்தானியர் கொண்டுவந்தனர். வெல்லஸ்ஸவில் தொடங்கியது முழு மலைநாட்டுக்கும் விரிந்தது. அந்தச் சலுகைக்கு நாம் கொடுத்த விலையைக் கணக்குப் பார்த்தவர் குறைவு.

எரிந்த நெல், போன காணி

கிளர்ச்சியை அடக்கிய விதம் கொடியது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வீடுகளை எரித்தன. நெற்களஞ்சியங்களை அழித்தன. மாடுகளைக் கொன்றன. பழமரங்களையும் தறித்தன. நெருப்புக்கு மதம் தெரியாது. உழவு மாடு போனால் வயல் போயிற்று. வாய்க்காலைப் பார்க்க ஆளில்லாமல் போனால் குளம் உடையும், குளம் உடைந்தால் ஊர் காடாகும். இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற நாடு காட்டுக்குத் திரும்பியது. தவளமும் கலப்பையும் என்ற இரண்டு போக வாழ்க்கையில் கலப்பை முறிந்த இடம் இதுதான்.

முறிந்ததை ஒட்ட வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காடும், தரிசும், விட்டுவிட்டுப் பயிரிடும் சேனையும், உரித்தை நிரூபிக்காதவரை முடிக்குச் சொந்தம் என்று கருதப்பட்டன. வாய்மொழியாலும் சேவையாலும் காணி வைத்திருந்தவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? அவன் சொந்த நிலத்தில் அத்துமீறியவன் ஆனான். அதே காலத்தில் கோப்பித் தோட்டக்காரனுக்கு முடிக்குரிய காணி ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. 1844 இல்தான் அது 20 ஷில்லிங் ஆயிற்று. மிஞ்சியிருந்த வயலுக்கும் நெல் வரி இருந்தது. ஊவாவுக்குப் பக்கத்து வலப்பனையில் 1880 களின் தொடக்கத்தில் வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. அந்த வரி 1892 இல்தான் ஒழிக்கப்பட்டது.

உலகத்தின் வேறு பக்கத்தைப் பார்த்தால் இந்த அநியாயம் இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் 1862 இல் ஒரு சட்டம் வந்தது. குடும்பத்தோடு மேற்கே போய், ஐந்து வருடம் தங்கிப் பயிர் செய்தவனுக்கு 160 ஏக்கர் நிலம் சொந்தம். அந்த நிலம் செவ்விந்தியரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் மண்ணைத் திருத்தியவனுக்கு மண்மீது உரித்து உண்டு என்ற நியாயத்தை அந்தச் சட்டம் ஒத்துக்கொண்டது. நமது ஷரீஅத்திலும் இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அது உரியது என்ற விதி ஹதீஸின் அடிப்படையில் இருக்கிறது. வெல்லஸ்ஸவில் காட்டை வெட்டி மேற்கே ஏறியவனுக்கு மட்டும் இந்த இரண்டு நியாயமும் கிடைக்கவில்லை. அமெரிக்க விவசாயி மேற்கே போய்க் காணிக்காரன் ஆனான். நம்முடையவன் மேற்கே வந்து காணியை இழந்தான்.

பிறகு பாதை வந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஊவாவில் பல பாதைகளை வெட்டுவித்தார். 1845 இல் அவர் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய தேவாலயம் இன்றும் பதுளையில் இருக்கிறது. பாதை வந்ததும் மாட்டு வண்டி வந்தது. வண்டி வந்த இடத்தில் பொதி மாட்டுக்கு வேலையில்லை. கலப்பை ஏற்கெனவே போய்விட்டது, இப்போது தவளமும் போயிற்று. இரண்டையும் இழந்தவனுக்கு மிஞ்சியது தராசு.

மடுல்சீமை மலையெங்கும் கோப்பி நட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் கருவாடும் துணியும் வேண்டும். கீழேயிருந்து ஏறியவனும், இராமநாதபுரம் போன்ற இந்தியக் கரைகளிலிருந்து வந்த முஸ்லிமும் ஒரே கடைத்தெருவில் சந்தித்தார்கள். இன்றைய மடுல்சீமை முஸ்லிம்கள் இந்த இரண்டு ஓடைகளும் கலந்தவர்கள். கோப்பிக்கும் ஆயுள் கெட்டியாக இருக்கவில்லை. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1869 இல், இந்த மடுல்சீமைப் பகுதித் தோட்டத்தில்தான். இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பயிர் மாறியது, கடை மாறவில்லை. மூத்தவாப்பா பிறந்தபோது கடைதான் பரம்பரைத் தொழில் என்றாகிவிட்டிருந்தது. "கீழ வெதச்சிருப்பாங்க" என்ற பேச்சு மட்டும் வாயில் தங்கிவிட்டது.

மீண்டும் மேற்கே

கரையோரத்து வெள்ளாமைக்காரன் மேற்கே பார்ப்பதை நிறுத்தவில்லை. 1942 ஏப்ரலில் யப்பானியர் இலங்கையில் குண்டு போட்டபின் அரிசித் தட்டுப்பாடு வந்தது. கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். காட்டுக் காணிகளைத் திருத்தி நெல் விளைவிக்கும் வேலையை அவர் முன்னின்று நடத்தினார். காணியில்லாதவர்கள் கரையிலிருந்து உள்ளே போனார்கள். அஸீஸைக் கல்வியாளராகவும் ஸாஹிறாக் கல்லூரி அதிபராகவும் கொண்டாடுகிற நாம், அவர் வயலுக்குச் செய்ததை அடிக்குறிப்பாக்கிவிட்டோம்.

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அணையைக் கட்டியது அமெரிக்காவின் மேற்கு மாநிலமான ஐடஹோவைச் சேர்ந்த மொறிசன் நூட்சன் கம்பனி. எங்கள் மலையின் கிழக்குச் சரிவில் ஓடிய தண்ணீர் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக் காணியும் கிடைத்தன. 1818 இல் பறிபோனதையும் 1840 இல் மறுத்ததையும் 1950 களில் அரசு பத்திரத்தோடு பங்கிட்டது. அந்தப் பங்கீடு பக்கச்சார்பில்லாமல் நடந்ததா என்பது பற்றிக் கிழக்கில் இன்றும் மனக்குறை உண்டு. 1956 இல் கல்லோயாவில் பாய்ந்த இரத்தமும் காணியோடு கலந்ததுதான். அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் குடியேற்றங்களுக்குக் கரையிலிருந்து போன முஸ்லிம் வெள்ளாமைக்காரனைப் புதிதாக மேற்கே போனவன் என்று எழுதக்கூடாது. அவனுடைய மூதாதை முன்பே அந்தக் காட்டைத் தாண்டி, இந்த மலையின் அடிவாரம் வரைக்கும் ஏர் பூட்டியவன்.

அந்தப் பையனுக்கு

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். "கடை போட வந்தவர்கள்" என்ற வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பக்கத்து ஊரில் கலவரம் நடந்த அடுத்த நாள் அந்த வரியைக் கேட்டுப் பாருங்கள். கடை போட வந்தவனைப் பார்த்துக் கடையைக் கட்டிக்கொண்டு போ என்று சொல்வது சுலபம். உழ வந்தவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. நம்மை வந்தேறு வியாபாரிகள் என்று மற்றவர்கள் எழுதுவதற்கு முன்னால், நாமே நம் பள்ளிவாசல் மலர்களில் அப்படி எழுதி அச்சடித்துவிட்டோம். வியாபாரம் இழிவென்று நான் சொல்லவில்லை. தராசு ஹலாலான கருவி, என்னைப் படிக்க வைத்ததும் அதுதான். பாதிக் கதையை முழுக் கதையென்று சொல்லக்கூடாது என்பதே என் வாதம்.

மிச்சப் பாதி இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. பழைய உறுதிகளில் வயல்களின் பெயர் இருக்கும். காணியளவு அமுனத்திலோ அவணத்திலோ குறித்திருக்கும். கெதரப் பெயர்கள் ஊரின் பெயரைச் சொல்லும். எல்லாவற்றையும் விட, வீட்டில் வயதான பெண்களின் பேச்சில் விதைப்பு, அறுப்பு, சூடு, பொலி பற்றிய சொற்கள் இருக்கும். பசறை, லுணுகலை, பிபிலைப் பக்கத்து வாசகர்கள் இவற்றை எழுதி அனுப்பினால், இன்ஷா அல்லாஹ், ஊவா முஸ்லிம்களின் வரலாற்றைச் சந்தையிலிருந்து அல்லாமல் வயலிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

பையனை மறுபடியும் கூப்பிட்டேன். "அன்றைக்கு நான் சொன்னது பிழை மகன். நம்மட ஆக்கள் வெதைக்க வந்தவங்க. கடை பிறகு வந்தது" என்றேன்.

அவன் கொப்பியைத் திறந்து எழுதினான். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, "அப்ப வயல் எங்க மாமா?" என்று கேட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு கிழக்கு விளிம்புக்குப் போனேன். பனி விலகியிருந்தது. கீழே வெகுதூரத்துக்குப் பச்சை. அதில் எது காடு, எது வயல் என்று அவ்வளவு உயரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது ஐப்பசி மாதம். "கீழ வெதச்சிருப்பாங்க" என்று சொன்னேன். அதையும் அவன் எழுதிக்கொண்டான்.